பெயர் மாற்றிய மலை எறும்பு

பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே நீண்டு கிடக்கிறது ஜூரா மலைத்தொடர். அதில் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் ஓர் எறும்புக் குடியிருப்பு இருக்கிறது. 70 ஹெக்டேர் காட்டில் ஏறக்குறைய 1,200 புற்றுகள். ஒரு புற்றிலிருந்து இன்னொன்றுக்கு எறும்புகள் போய்வரும் தடங்களை எல்லாம் சேர்த்தால் 100 கிலோமீட்டர் வரும். லோசான் நகரைச் சேர்ந்த எறும்பியலாளர் டானியல் ஷெரிக்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் 1970களில் இதைப் புற்று புற்றாக எண்ணி வரைபடத்தில் குறித்தார்கள். இத்தனை பேர் பெற்ற எறும்புக்கு அன்று வழங்கிய பெயர்தான் தவறு. ஃபார்மிகா லுகுப்ரிஸ் என்று எழுதி வைத்திருந்தார்கள். அது வேறு இனம் என்று முடிவாகி, ஃபார்மிகா பாராலுகுப்ரிஸ் என்ற பெயர் கிடைத்தது 1996இல். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே எறும்புகள் இந்த வேற்றுமையைக் காட்டிக்கொடுத்திருந்தன. அந்தக் கதைக்குப் போகுமுன் எறும்பையும் அதன் வீட்டையும் பார்த்துவிடலாம்.

மாந்தோப்பில் முசுறு கடி வாங்கியவர்களுக்கு இதன் குணம் புரியும். முசுறும் இதுவும் ஃபார்மிசினே என்ற ஒரே துணைக்குடும்பம். கொடுக்கு கிடையாது, தாடையால் கவ்விப் பிடித்து, வயிற்று நுனியை முன்னுக்கு வளைத்துக் கடிவாயில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். உருவத்தில் மார்பு துருச் சிவப்பு, வயிறு கறுப்பு. முசுறு மரத்தின் மேல் இலைகளைச் சேர்த்துக் கூடு தைக்கும். இதுவோ தரையில், ஸ்ப்ரூஸ் மரங்கள் உதிர்த்த ஊசியிலைகளைக் குவித்துப் புற்று வைக்கும். பெரிய புற்று ஒரு மீட்டருக்கு மேலும் உயரும். கண்ணுக்குத் தெரிவது கூரை மட்டும்தான். அறைகளும் சுரங்கங்களும் மண்ணுக்குள்ளும் இறங்குகின்றன.

ஜூராவிலும் ஆல்ப்ஸிலும் இந்த உயரத்தில் ஆண்டின் பெரும்பகுதி குளிர்தான். புழு வளர வெப்பம் வேண்டும். அதனால்தான் புற்றுகளைக் காட்டின் ஓரத்திலும், மரம் விழுந்து வெளிச்சம் இறங்கிய இடைவெளிகளிலும், வெயில் படும் சரிவுகளிலும் அதிகம் பார்க்கிறோம். பனிக்காலம் முழுவதும் ராணிகளும் வேலைக்கார எறும்புகளும் மண்ணின் ஆழத்தில் அசையாமல் கிடக்கும். வசந்தத்தில் புற்றின் தெற்குப் பக்கம் பனி உருகியதும், ஆயிரக்கணக்கில் மேலே வந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து வெயில் காயும். உடம்பு சூடேறியதும் உள்ளே போகும். அந்தச் சூட்டை உள்ளே விட்டுவிட்டு மறுபடி வெளியே வரும். இப்படி வெயிலை உடம்பில் சுமந்து கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு, எறும்புகளின் உடல்வெப்பமும் மக்கும் இலைகளின் வெப்பமும் சேர்ந்துகொள்ள, சுற்றிலும் பனி கிடக்கும்போதே புற்றின் நடுப்பகுதி 25 டிகிரியைத் தாண்டிவிடும். மாலையிலும் மழைக்கு முன்னும் வாசல்களை அடைத்துவிடும். மரங்கள் நெருங்கி வளர்ந்து நிழல் கட்டிவிட்டால் அந்தப் புற்று நாளடைவில் கைவிடப்படும்.

உணவுக்குப் பெரும்பாலும் அசுவினியை நம்பியே வாழ்கிறது. ஸ்ப்ரூஸ் கிளைகளில் சாறு உறிஞ்சும் அசுவினிகள் வெளியேற்றும் இனிப்புத் திரவம்தான் முக்கிய உணவு. மற்ற பூச்சிகளையும் பிடித்து வரும். அடிமரத்தருகே நின்று சற்று நேரம் கவனித்தால் போதும், ஏறுகிற எறும்பையும் இறங்குகிற எறும்பையும் வயிற்றை வைத்தே பிரித்துவிடலாம். ஏறுவது ஒட்டிய வயிறு. இறங்குவதற்கு வயிறு உப்பி, கறுத்த வளையங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நடுவில் வெளிறிய தோல் பளபளக்கும்.

புற்றைக் கிளறினால் இலைகளுக்கிடையே பொன்னிறத் துணுக்குகள் கிடைக்கும். அவை ஊசியிலை மரங்களின் உறைந்த பிசின். ஒரு பெரிய புற்றில் 20 கிலோ வரை இருக்கும் என்கிறார்கள். ஆல்ப்ஸ் கிராமங்களில் ஒரு காலத்தில் இதைப் பொறுக்கிக் காயவைத்து, சாம்பிராணி போலப் புகைக்கப் பயன்படுத்தினார்கள். எறும்புக்கு எதற்குப் பிசின்? கட்டுமானப் பொருளாக எடுக்கிறது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் லோசான் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் கிறிஸ்ட், மிஷேல் ஷாப்யுசா ஆகியோரின் குழு 2003இல் சோதித்தபோது, பிசின் உள்ள புற்றுப் பொருளில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குறைவாக வளர்வதைக் கண்டார்கள். 2007இல் இன்னொரு படி: நோய்க்கிருமியோடு விடப்பட்ட எறும்புகளும் புழுக்களும், பக்கத்தில் பிசின் இருந்தால் கூடுதல் நாள் பிழைத்தன. தொற்று வந்த பிறகு அவை தேடிப் போவதில்லை, முன்கூட்டியே சேர்த்து வைக்கின்றன என்பதும் பின்னர் தெரிந்தது. 2017இல் வந்த ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எறும்பு பிசினைக் கொண்டுவந்து போடுவதோடு நிற்கவில்லை. தன் ஃபார்மிக் அமிலத்தையும் அதில் படவிடுகிறது, அமிலம் பட்ட பிசின் பூஞ்சையை இன்னும் வலுவாக அடக்குகிறது. மரத்திலிருந்து ஒரு பொருள், தன் உடம்பிலிருந்து ஒரு பொருள், இரண்டையும் சேர்த்து மருந்து.

இத்தனை புற்றுகளும் எப்படி ஒரே குடியிருப்பாகின்றன? ஒரு புற்றில் ஒரு ராணி என்பதுதான் நாம் பள்ளியில் படித்தது. இங்கே ஒரு புற்றில் ராணிகள் நூற்றுக்கணக்கில், சில புற்றுகளில் ஆயிரத்துக்கும் மேல். இளம் ராணிகளில் பலர் பறந்து போவதில்லை. பிறந்த புற்றிலேயே இணைசேர்ந்து அங்கேயே தங்கிவிடுவார்கள். கூட்டம் பெருத்ததும் ஒரு பகுதி பிரிந்து சற்றுத் தள்ளிப் புதுப் புற்று வைக்கும். அப்போது தடத்தில் ஒரு வேடிக்கை பார்க்கலாம்: ஓர் எறும்பு இன்னொன்றின் தாடையைக் கவ்வித் தூக்க, தூக்கப்பட்டது கால்களை மடக்கிச் சுருண்டு அதன் தாடைக்குக் கீழே தொங்கியபடி பயணம் போகும். பிரிந்த பிறகும் பகை இல்லை. புற்றுக்குப் புற்று ஆள் போகும், உணவு போகும். ராணிகள் அதிகம் என்பதால், ஒரே புற்றில் வாழும் இரண்டு வேலைக்கார எறும்புகளுக்கு இடையே ரத்த உறவு கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று மரபணு ஆய்வுகள் காட்டின. நெருங்கிய உறவுக்கு உதவுவதால்தான் தன் முட்டை இடாமலே வேலைக்காரக் குணம் நிலைத்தது என்ற கோட்பாட்டுக்கு இந்த எறும்பு ஒரு தொல்லை. பரிணாம உயிரியலாளர்கள் இதை விடாமல் துரத்துவது அதனால்தான்.

இப்போது பெயருக்கு வருவோம். ஃபார்மிகா என்பது பேரினம். அதற்குள் புற்றுக் குவிக்கும் சிவப்புக் காட்டெறும்புகள் ஒரு சிறு கூட்டம்; ரூஃபா குழு என்பார்கள், 1761இல் லின்னேயஸ் பெயரிட்ட ஃபார்மிகா ரூஃபாவை வைத்து. லுகுப்ரிஸும் இக்குழுதான். ஸ்வீடனைச் சேர்ந்த செட்டர்ஸ்டெட் 1838இல் வடகோடி லாப்லாந்து எறும்பைப் பார்த்து வைத்த பெயர் அது. அதே மாதிரி எறும்பு ஆல்ப்ஸிலும் ஜூராவிலும் இருந்ததால் அதே பெயரை இங்கும் நீட்டினார்கள். எறும்பைக் கொண்டாடும் நாடு சுவிட்சர்லாந்து. எறும்பியலாளர் அகுஸ்ட் ஃபொரெலின் படத்தை 1,000 பிராங்க் நோட்டில் அச்சடித்து, பின்பக்கம் எறும்புகளையே போட்டார்கள். அங்கேயே இந்தக் குழப்பம் நீடித்தது என்றால், ரூஃபா குழுவைப் பிரிப்பது அவ்வளவு சிரமம் என்று பொருள். நிறம் உதவாது. தலையின் பின்விளிம்பில், கண்ணில், முதுகில் நிமிர்ந்து நிற்கும் மயிர்களை நுண்ணோக்கியில் எண்ணி, நீளம் அளந்து, ஒரே புற்றின் பல எறும்புகளுக்குச் சராசரி பார்க்க வேண்டும். ஒரே ஓர் எறும்பை வைத்துக்கொண்டு இனம் சொல்கிறவரை நான் நம்பமாட்டேன்.

எறும்புகளுக்கு மயிர் எண்ணும் வேலை இல்லை. உடம்பின் மேல் படிந்திருக்கும் வாசனையே போதும். பின்லாந்தைச் சேர்ந்த ரைனர் ரோசென்கிரனும் ஷெரிக்ஸும் 1981இல் இதையே கருவியாக்கினார்கள். ஒரு புற்றின் வேலைக்கார எறும்புகளை ஒரு தொட்டியில் விட்டு, அவற்றின் முன் இரண்டு இடங்களிலிருந்து எடுத்த கூட்டுப்புழுக்களைக் கலந்து வைப்பது. நடுவே கிடக்கும் கூட்டுப்புழுவை எறும்பு பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. மறைவிடத்துக்குத் தூக்கிப் போகும். எதை முதலில் தூக்குகிறது என்பதுதான் கேள்வி. தன் இனத்தின் கூட்டுப்புழு என்றால், வேறு புற்றிலிருந்து வந்ததானாலும் முதலில் எடுத்துப் போகும். வேற்றினத்ததைக் கடைசிக்கு விடும். ஜூராவின் ‘லுகுப்ரிஸ்’ எறும்புகளை இப்படிச் சோதித்தபோது அவை இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றன. ஆய்வாளர்கள் ஏ வகை, பி வகை என்று தற்காலிகமாகக் குறித்துவைத்தார்கள். ஏ வகையில் ராணிகள் பறந்து போய்ப் புதிய இடம் பிடிப்பது வழக்கம். மாபெரும் குடியிருப்பு பி வகை. புரத ஒப்பீடும் பின்னர் இதே பிரிவைக் காட்டியது. 1996இல் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் சைஃபெர்ட் மயிர்க்கணக்குகளை முறையாக அலசி, பி வகைக்கு ஃபார்மிகா பாராலுகுப்ரிஸ் என்று பெயரிட்டார். லுகுப்ரிஸோடு ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்தில் வாழும் இரட்டை இனம் என்று அறிவித்தார்.

கணக்கு அத்தோடு முடியவில்லை. சுவிட்சர்லாந்தின் கிழக்கே உள்ள தேசியப் பூங்காவில் எடுத்த லுகுப்ரிஸ் எறும்புகளுக்குள்ளும் மரபணுவில் ஒட்டாத ஒரு கூட்டம் இருப்பதாக 2011இல் ஓர் ஆய்வு சொன்னது. சைஃபெர்ட் 2021இல் ரூஃபா குழுவையே மறுபடி திருத்தி எழுதியபோது அந்தக் கூட்டத்துக்கு ஃபார்மிகா ஹெல்வெடிகா என்ற புதிய பெயர் பிறந்தது.

பெயர் எதுவானால் என்ன என்று கேட்கலாம். சுவிட்சர்லாந்தில் கேடில்லை, 1966இலிருந்து புற்றுக் குவிக்கும் காட்டெறும்புகள் அனைத்துக்கும் சேர்த்தே சட்டப் பாதுகாப்பு. இத்தாலியிலும் கனடாவிலும் கதை வேறு. பூச்சிகளைத் தின்று காட்டைக் காக்கும் என்ற நம்பிக்கையில், 1950களிலிருந்து இத்தாலிய ஆல்ப்ஸின் புற்றுகளை அள்ளி அபென்னைன் மலைகளில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்த ஊசியிலைக் காடுகளில் அவை வேரூன்றிவிட்டன. 1970களில் இத்தாலியிலிருந்து கனடாவின் கியூபெக்குக்கும் புற்றுகள் போயின. ஸ்ப்ரூஸ் மொட்டுகளைத் தின்னும் புழுவை ஒடுக்குவது நோக்கம். ஏட்டில் எழுதியது லுகுப்ரிஸ். போய்ச் சேர்ந்தது பாராலுகுப்ரிஸ் என்று 2016இல் சைஃபெர்ட் எழுதினார். ஆயிரம் ராணிகளோடு, பக்கத்துப் புற்றோடு சண்டையே போடாமல், அடுத்தடுத்துப் புற்று வைத்துக்கொண்டே போகும் இனத்தை, அது இல்லாத ஒரு கண்டத்தில் வேறு பெயரில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். விட்ட இடத்தைச் சுற்றிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்தப் புற்றுகள் இருக்கின்றன. அந்தக் காட்டின் சொந்த எறும்புகள் என்ன ஆகும் என்பதைத்தான் அவர் அக்கட்டுரையில் கேட்கிறார்.