நிலம் அல்லாஹ்வுக்கே உரியது

தொழுகையைப் பேணுங்கள், பர்ளுகளை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லப் புறப்பட்ட ஓர் ஆலிமைக் கண்டு ஜமீன்தார்கள் கலங்கினார்கள் என்றால் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். கிழக்கு வங்காளத்தில் அதுதான் நடந்தது.

1781இல் பிறந்த ஹாஜி ஷரீஅத்துல்லாஹ் (ரஹ்) அவர்கள் இளமையிலேயே மக்கா சென்று, நெடுங்காலம் கல்வி பயின்று, 1818இல் ஊர் திரும்பினார்கள். பர்ளுகளை வலியுறுத்தியதால் அவர்களுடைய இயக்கத்துக்குப் பராயிளி இயக்கம் என்று பெயர் வந்தது. ‘பீர் – முரீது’ என்று அழைப்பதை விலக்கி, ‘உஸ்தாத் – ஷாகிர்து’ என்று அழைக்கச் சொன்னார்கள். ஆசிரியனாகிய எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. காலில் விழுந்தே பழகிய ஏழை, தான் ஒரு மாணவன் என்று உணர்ந்து நிமிர்ந்தான்.

அன்றைய ஜமீன்தார்கள் காளி பூஜைக்கும் துர்க்கா பூஜைக்கும்கூட முஸ்லிம் குடியானவர்களிடம் பணம் வசூலித்தனர். அதைக் கொடுக்க வேண்டாம் என்று ஹாஜியார் தடுத்தபோது, மார்க்கச் சீர்திருத்தம் வயிற்றுப்பாட்டோடு கைகோத்துக்கொண்டது.

1840இல் தந்தை மறைந்த பின் மகனார் தூது மியான் தலைமையேற்றார். நிலம் அல்லாஹ்வுக்கே சொந்தம். அதற்கு வரி விதிக்க எவருக்கும் உரிமையில்லை என்று அறிவித்தார். பகுதிதோறும் ஒரு கலீபாவை நியமித்தார். வழக்குகள் ஊருக்குள்ளேயே தீர்க்கப்பட்டன. அவுரி பயிரிடுமாறு குடியானவர்களை வதைத்த வெள்ளையரையும் அவர் விடவில்லை. 1846இல் டன்லப் என்பவரின் அவுரித் தொழிற்சாலை தாக்கப்பட்டது. 1857 கிளர்ச்சியின்போது ஆங்கிலேயர் அவரைச் சிறையில் அடைத்தனர், 1862இல் காலமானார். அதற்குள், 1859இல், வங்காளக் குடியானவர்கள் இந்துக்களும் முஸ்லிம்களுமாக அவுரி விதைக்க மறுத்து எழுந்துவிட்டிருந்தனர்.

நூறாண்டு கடந்தும் அக்குரல் ஓயவில்லை. உழவர்களின் தலைவராக விளங்கிய மௌலானா பாஷானி (மறைவு 1976), படைப்புகள் அனைத்தையும் பரிபாலிப்பவன் அல்லாஹ்வே என்பதை வைத்தே ஏழைகளின் பங்கைக் கேட்டார். அவரைப் பொதுவுடைமையாளர் என்றார்கள் சிலர். அவர் கையில் இருந்ததோ ‘ரப்’ என்னும் சொல்!

பராயிளிகளின் எல்லா முடிவுகளையும் நாம் ஏற்க இயலாது. அந்நியர் ஆட்சியில் ஜும்ஆவும் பெருநாள் தொழுகையும் கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். மௌலானா கராமத் அலீ ஜோன்பூரீ (ரஹ்) போன்ற ஆலிம்கள் இதைக் கடுமையாக மறுத்தார்கள். மறுப்பே சரியென்பது என் கருத்து. ஆயினும் தலைமுறை தலைமுறையாக ஜும்ஆவை இழந்த அந்த உழவர்களுக்கு, தம்மை ஆள்பவன் அந்நியன் என்பது ஒரு வெள்ளிக்கிழமைகூட மறந்திருக்காது.