இலக்கிய வரலாற்று நூல்களும் வன்னியும்: வாசிப்பு முறை குறித்துச் சில குறிப்புகள்

இலக்கிய வரலாற்று நூல்களையும் எழுத்தாளர் வாழ்க்கை வரலாறுகளையும் நாம் பெரும்பாலும் தகவற் களஞ்சியங்களாகவே படிக்கப் பழகியுள்ளோம். பிறந்த ஊர், ஆசிரியர், இயற்றிய நூல்கள், மறைந்த ஆண்டு ஆகியவற்றை மனங்கொள்வதோடு வாசிப்பு முடிந்துவிடுகிறது. நூலாசிரியர் யாரை வரலாற்றுக்குரியவராகத் தெரிந்தெடுத்தார், எவ்வாதாரங்களைக் கொண்டு, எவ்வர்க்க நோக்கில் நின்று தெரிந்தெடுத்தார் என்பன கேட்கப்படுவதில்லை. வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்து படிப்போருக்கு இவை வெறும் கோட்பாட்டு வினாக்கள் அல்ல.

சைமன் காசிச்செட்டி ஆங்கிலத்தில் எழுதிய 'தமிழ் புளூராக்' (1859), ஆ. சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' (1886) ஆகியன ஈழத்தில் இத்துறையின் முன்னோடி நூல்கள். இவை தனிப் புலவரையே வரலாற்றின் அலகாகக் கொண்டவை. அலகு தனிமனிதராயின் பெயர் வேண்டும். பெயர் நிலைக்க ஏடு வேண்டும். ஏடு நிலைக்க அச்சகமும் பாடசாலையும் பதிப்பிக்கும் மாணாக்கர் பரம்பரையும் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இவை யாழ்ப்பாணக் குடாநாட்டிற் செறிந்திருந்தன. குளங்கள் சிதைந்து, காய்ச்சலால் குடிசனம் மெலிந்திருந்த வன்னியில் அவை இல்லை. எனவே அந்நூல்களில் வன்னி பெறும் சிற்றிடம் அங்கு படைப்பு இன்மைக்குச் சான்றாகாது. பதிவுசெய்யும் சாதனங்கள் இன்மைக்கே சான்றாகும்.

வேலப்பணிக்கன் ஒப்பாரியை எடுத்துக்கொள்வோம். யானை பிடித்துக் கட்டிய அரியாத்தை என்ற பெண்ணின் சாவைப் பாடும் இப்பாடல் முல்லைத்தீவுப் பகுதியில் வாய்வழியே வாழ்ந்தது. பாடியவர் யார் என்பது தெரியாது. ஆதலின் எழுதுவதற்கு வாழ்க்கை வரலாறும் இல்லை. ஆனால் யானை பிடித்தலைத் தொழிலாகக் கொண்ட சமூகத்தின் உழைப்பும், அத்தொழிலில் ஒரு பெண் அடைந்த சிறப்பு எழுப்பிய பகையும் அதிலே துலக்கமாக உள்ளன. புலவர் வரிசையாக அமைந்த வரலாறு இதனை 'நாட்டார் பாடல்' என்ற பின்னிணைப்புக்குத் தள்ளிவிடும்.

நவீன இலக்கியத்திற்கு வரும்போது சிக்கல் வேறாகிறது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973 இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. தனியாளுமையைப் போற்றும் வரலாற்றாசிரியர் அதனைத் தண்ணீரூற்றில் தோன்றிய ஒரு திறமையாளரின் சாதனை என்பார். திறமையை நாம் மறுக்கவில்லை. எனினும் 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும், உள்நாட்டு வெளியீட்டுக்குச் சந்தை திறந்ததும், குளத்தை நம்பிய குடியேற்ற விவசாயம் தண்ணிமுறிப்புப் போன்ற இடங்களில் புதிய வாழ்வை உருவாக்கியதும் கூறப்படாவிடின் அந்நாவலின் தோற்றம் விளங்காது. முற்போக்கு விமர்சனமும் இங்கு முழுப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. 'மண்வாசனை' என்ற சொல் வன்னியை ஒரு வாசனையாக்கிற்று. அந்த மண் எவருக்குச் சொந்தம், எவர் கூலிக்கு உழுதார் என்பது பின்தங்கிப்போயிற்று.

கா. சிவத்தம்பியின் 'தமிழில் இலக்கிய வரலாறு' (1988) இலக்கிய வரலாறு எழுதப்பட்ட வரலாற்றையே ஆய்வுப் பொருளாக்கியது. வன்னி வாசகர் பிற நூல்களுக்கு முன்னர் படிக்கத்தக்கது அது. முல்லைமணி போன்றோர் பிரதேசத்துள்ளிருந்து சேர்த்த செய்திகளை அதன் துணையோடு மீளப்படிக்கலாம்.

ஆதாரங்கள் பற்றிய நிலைமையோ கடுமையானது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அழிந்தது இன்னதென ஓரளவாவது பேசப்பட்டது. 2008-2009 இடப்பெயர்வுகளில் வன்னி வீடுகளில் விடப்பட்ட கொப்பிகள், கடிதங்கள், கூத்து ஏடுகள் எவருடைய பட்டியலிலும் முன்னர் இருந்தவை அல்ல. அவற்றைப் பாடியும் ஆடியும் அறிந்த முதியோரிடம் கேட்டு எழுதும் பணி, வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இயங்கும் இக்காலத்தில், தனியார்வலர்க்கு மட்டும் உரியதாக விடப்படலாகாது. அம்முதியோரின் தொகை ஆண்டுதோறும் குறைகின்றது.