தமிழ் பாடும் பிரெஞ்சு மாவீரர்கள்

சீட்டுக் கட்டில் ஆட்டின் ராஜாவை எடுத்துப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் சீட்டில் அவருக்கு ஷார்ல் என்று பெயர் அச்சிட்டிருக்கும். சார்லிமேன் சக்கரவர்த்திதான் அவர். இஸ்பேட் ஜாக்கி அவருடைய மாவீரர்களில் ஒருவன், ஓஷியே. மட்டாஞ்சேரிவாசிகள் இந்தக் கூட்டத்தைச் சீட்டில் தேட வேண்டியதில்லை. கொச்சிக் கடலோர லத்தீன் கத்தோலிக்கர்களின் சவிட்டு நாடகத்தில் அதே சக்கரவர்த்தி 'காறல்மான்' ஆகி, மின்னும் உடையும் கிரீடமுமாகப் பலகை மேடை அதிர மிதித்து வருகிறார். அவர் பாடுவது தமிழ் கலந்த மலையாளம்.

சவிட்டு என்றால் மிதி. 1503-ல் கொச்சியில் கோட்டை கட்டிய போர்த்துக்கேசியர்கள் 1663-ல் டச்சுக்காரர்களிடம் அதை இழந்தார்கள். அவர்களோடு வந்த கதைகள் மட்டும் தங்கிவிட்டன. அவற்றை நாடகமாக்கியவர் தமிழரான சின்னத்தம்பி அண்ணாவி என்பது வழிவழிச் செய்தி. 'காறல்மான் சரிதம்' அவர் பெயரில் வழங்குகிறது. ஆட்டம் சொல்லித்தருபவருக்கு இங்கே இன்றும் அண்ணாவி என்றே பெயர்; மட்டக்களப்புக் கூத்தின் அண்ணாவியாரை நினைத்துக்கொள்ளலாம்.

கூட்டம் காத்திருப்பது வாள் சண்டைக்கு. எதிரெதிரே இரு வீரர்கள். செண்டை அடிக்கும் தாளத்தில் காலும் விழ வேண்டும், வாளும் மோத வேண்டும், பாட்டும் நிற்கக் கூடாது. ஒரு மிதி பிசகினால் மேடையே காட்டிக்கொடுத்துவிடும்.

எதிரி இங்கே வெறும் வில்லன் இல்லை. சார்லிமேன் கதைகளில் ஃபியராபிராஸ் என்று ஒருவன் உண்டு, பதினைந்தடி உயர சாரசன் மாவீரன். போர்த்துக்கேசியர்களின் கதைப் புத்தகங்களிலும் இவன் பிரபலம். சார்லிமேனின் ஆளான ஒலிவியே காயத்தோடு மோத வருகிறான். ரத்தத்தைப் பார்த்த ஃபியராபிராஸ், தன்னிடமுள்ள மருந்துத் தைலத்தைக் குடித்துக் காயம் ஆறிய பிறகு சண்டை போடலாம் என்கிறான். ஒலிவியே மறுக்கிறான். கடைசியில் தோற்பது ஃபியராபிராஸ். தோற்றவன் ஞானஸ்நானம் பெற்று அதே அணியில் சேர்கிறான். ஆப்பிரிக்காவை ஒட்டிய பிரின்சிப்பித் தீவிலும் போர்த்துக்கேசியர்கள் இந்தச் சண்டையை விட்டுச் சென்றிருக்கிறார்கள். அங்கே அது தெருவெல்லாம் நடக்கும் விழா.

சரித்திரம் வேறு மாதிரி. 778-ல் மாவீரன் ரோலான் மாண்டது பைரனீஸ் மலையில் பாஸ்க் மக்கள் நடத்திய தாக்குதலில். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். பின்னால் பாட்டுக் கட்டியவர்கள் எதிரியின் மதத்தை மாற்றிவிட்டார்கள். மட்டாஞ்சேரி போல மசூதியும் மாதா கோயிலும் யூதர் ஆலயமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

முழுச் சரிதத்தையும் ஆடப் பல இரவுகள் வேண்டும். இப்போது பள்ளிக் கலைவிழாப் போட்டிக்காகச் சில நிமிடங்களுக்குச் சுருக்குகிறார்கள். அதனால்தான் புதிய பிள்ளைகள் வருகிறார்கள் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் வாளும் மிதியும் கைவந்த அளவுக்குச் சொற்கள் வருவதில்லை. பழைய தமிழ்ப் பாட்டைப் பொருள் தெரியாமல் உருப்போடுகிறார்கள். சபீனா ராஃபி 1964-ல் மலையாளத்தில் எழுதிய ஆய்வு நூல் இக்கலையைப் படித்தவர்கள் பார்வைக்குக் கொண்டுவந்தது. தமிழ் இலக்கிய வரலாறுகள் வீரமாமுனிவருக்குத் தரும் பக்கங்களில் ஒன்றையாவது சின்னத்தம்பி அண்ணாவிக்கு ஒதுக்கலாம். சுவடிகளில் உள்ள சொற்களைப் பிரித்துப் பொருள் சொல்ல, கொச்சி அண்ணாவிகளுக்குத் தமிழ் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.