விசா கேட்காத ஊர்

"வாய்ப்புக் கிடைத்தால் எந்த நாட்டுக்குக் குடிபெயர்வீர்கள்?" சில வாரங்களுக்கு முன் என் இரவு நிகழ்ச்சியில் நேயர்களிடம் கேட்ட கேள்வி இது. ஆஸ்திரேலியா, லண்டன், கனடா என்று வழக்கமான பதில்கள் வந்துகொண்டிருந்தன. பதினொரு மணிக்கு மேல் சுங்கைப்பட்டாணியிலிருந்து ஓர் இளைஞர் அழைத்தார்.

"நான் சுவால்பார்ட் போகலாம்னு இருக்கேன்க்கா. வட துருவத்துக்குப் பக்கத்துல. அங்க விசாவே வேண்டாமாம். கையில பதினெட்டாயிரம் வெள்ளி இருக்கு."

"அங்க மனுஷங்க இருக்காங்களா, இல்ல பனிக்கரடி மட்டும்தானா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். "அம்மாகிட்ட மட்டும் இன்னும் சொல்லலக்கா" என்றார். பாட்டைப் போட்டுவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கடைசி வார்த்தைதான் மனத்தில் ஓடியது. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துச் சேர்த்த பணம் அது. அதைப் பற்றி ஒருவர் கேட்டபோது நான் கொடுத்த பதில் ஒரு சிரிப்பு. அன்று சொல்லியிருக்க வேண்டியதைத் தேடிப் படித்து இங்கே எழுதுகிறேன். இதே யோசனை நம் வீட்டுப் பிள்ளைகள் வேறு யாருக்காவது இருந்தாலும் பயன்படட்டும்.

உண்மைதான், விசா வேண்டாம்

சுவால்பார்ட் என்பது நார்வேக்குச் சொந்தமான தீவுக்கூட்டம். அதன் முக்கிய ஊர் லாங்யியர்பியென். அங்கிருந்து வட துருவம் சுமார் 1,300 கிலோமீட்டர். மக்கள் தொகை ஏறக்குறைய 2,500. நம் ஊரில் இரண்டு மூன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அத்தனை பேர் இருப்பார்கள்.

1920ஆம் ஆண்டு பாரிசில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தம் இந்தத் தீவுகளை நார்வேயின் ஆட்சிக்குக் கீழ் கொண்டுவந்தது. ஒப்பந்த நாடுகளின் மக்கள் எல்லாரும் அங்கே சமமாகத் தொழில் செய்யலாம் என்பது நிபந்தனை. நடைமுறையில் நார்வே யாரிடமும் அங்கு வசிக்க விசாவோ வேலை பெர்மிட்டோ கேட்பதில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டவர் அந்தச் சின்ன ஊரில் வாழ்கிறார்கள். தாய்லாந்துக்காரர்களும் பிலிப்பீன்ஸ்காரர்களும் கணிசமாக இருக்கிறார்கள். முதலில் சில தாய்லாந்துப் பெண்கள் நார்வேக்காரர்களைத் திருமணம் செய்து போனார்கள். பிறகு அக்கா, தங்கை, சித்தி மகள் என்று உறவுகள் வந்து துப்புரவு, உணவகம், ஹோட்டல் வேலைகளில் சேர்ந்தார்கள்.

ஆக, நம் தம்பி வீடியோவில் பார்த்தது பொய்யல்ல. வருமான வரியும் நார்வே பெருநிலத்தைவிடக் குறைவு. ஊரும் அழகு. பழைய நிலக்கரிச் சுரங்கக் காலத்து வழக்கப்படி ஹோட்டலிலும் அருங்காட்சியகத்திலும்கூட வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நமக்கு அது ஒன்றும் புதிதல்ல.

ஒரு சிறு குறிப்பு. அங்கே போகும் விமானங்கள் ஆஸ்லோ, ட்ரோம்சோ போன்ற நார்வே நகரங்கள் வழியாகவே போகின்றன. அந்த நகரங்கள் ஷெங்கன் எல்லைக்குள் இருக்கின்றன, சுவால்பார்ட் வெளியே இருக்கிறது. மலேசிய, சிங்கப்பூர் கடப்பிதழ்காரர்கள் ஷெங்கனுக்குள் 180 நாள்களில் 90 நாள் விசா இன்றி இருக்கலாம் என்பதால் நமக்குப் பெரிய சிக்கல் இல்லை. விசா தேவைப்படும் நாட்டவர்கள் இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் போகலாம், திரும்பும் வழியில் மாட்டிக்கொள்வார்கள்.

ஆனால், எதுவும் தரமாட்டார்கள்

வீடியோக்கள் சொல்லாமல் விடுவது இதற்கு அடுத்த பகுதியை.

விசா கேட்காத அந்த ஊரில் சமூக நல உதவியும் கிடையாது. வேலை போனால் அரசு தாங்கிப் பிடிக்காது. தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாதவர்களைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அங்குள்ள ஆளுநருக்குச் சட்டப்படி இருக்கிறது. முதியோர் பராமரிப்பு இல்லை. மருத்துவமனை சிறியது. கர்ப்பிணிகள் பிரசவத் தேதிக்குச் சுமார் மூன்று வாரத்துக்கு முன்பே பெருநிலத்துக்குப் போய்விட வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய பிரச்சினை வீடு. லாங்யியர்பியெனில் பெரும்பாலான வீடுகள் அரசுக்கும் நிறுவனங்களுக்கும் சொந்தம். வேலைக்கு எடுக்கும் முதலாளியே தங்குமிடமும் கொடுப்பார். வேலை போனால் கூடவே வீடும் போகும். வாடகைக்கு விடப்படும் தனியார் வீடுகள் மிகக் குறைவு, இருப்பதும் விலை அதிகம். 2015 டிசம்பர் 19ஆம் தேதி மலையிலிருந்து சரிந்த பனி பல வீடுகளை அடித்துச் சென்றது. இரண்டு பேர் இறந்தார்கள். அதன்பின் ஆபத்தான சரிவுகளின் கீழிருந்த வீடுகளை அகற்றினார்கள். ஊரைச் சுற்றி மலையும் கடலும்தான். இங்கே வாடகை கட்டவில்லையென்றால் பக்கத்துத் தாமானில் அறை தேடலாம். அங்கே பக்கத்து ஊருக்குச் சாலையே இல்லை.

ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடியை விரட்டும் கருவி கையில் இருக்க வேண்டும். துப்பாக்கியும் எடுத்துப் போகச் சொல்கிறார்கள். அன்று நான் கேலியாகக் கேட்டது அங்கே அன்றாட விஷயம். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை பகலிலும் இருட்டு. மலைகள் மறைப்பதால் மார்ச் 8 வாக்கில்தான் ஊருக்குள் சூரியன் எட்டிப் பார்க்கிறது. அந்த நாளை விழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. சுவால்பார்டில் எத்தனை வருடம் வாழ்ந்தாலும், அந்த வருடங்கள் நார்வேயில் நிரந்தர வசிப்பிடம் பெறவோ குடியுரிமை பெறவோ கணக்கில் வராது. 2022இல் இன்னொரு விதியும் வந்தது. நார்வே பெருநிலத்தில் மூன்று ஆண்டுகள் வாழ்ந்திராத வெளிநாட்டவர் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்க முடியாது. அதற்கு முன் வாக்களித்து வந்தவர்கள் பலரும் அந்த உரிமையை இழந்தார்கள்.

கதவு திறந்திருக்கிறது, உண்மை. ஆனால் உள்ளே போகிறவர் எத்தனை காலமானாலும் விருந்தாளிதான்.

வடகோடியில் காலூன்றிய தமிழர்கள்

அப்படியானால் காசில்லாதவர்கள் வடக்கே போய் வாழவே முடியாதா? முடியும். நம்மவர்களே செய்து காட்டியிருக்கிறார்கள், அதே நார்வேயின் பெருநிலத்தில்.

1956இல் யாழ்ப்பாணத்து அந்தோனி ராஜேந்திரம் நார்வே போனார். அங்கே குடியேறிய முதல் தமிழர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். மீன்பிடித் தொழிலைக் கற்று, நார்வேக்காரர்களின் உதவியுடன் யாழ்ப்பாணத்தில் 'சீநோர்' என்ற தொழில் அமைப்பையும் உருவாக்கினார். அவருக்குப் பிறகு இளைஞர்கள் மாணவர்களாகப் போனார்கள். 1983க்குப் பிறகு அகதிகளாகப் பலர் போனார்கள்.

அவர்களில் நிறைய பேருக்கு வேலை கிடைத்த இடம் ஃபின்மார்க், நார்வேயின் வடகோடி மாநிலம். வார்டோ, போட்ஸ்பியோர்டு, ஹம்மர்பெஸ்ட் போன்ற கடலோர ஊர்களில் மீன் பதனிடும் தொழிற்சாலைகள் இருந்தன. உள்ளூர் இளைஞர்கள் தெற்கே நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்ததால் ஆள் பற்றாக்குறை. பனையும் வெயிலும் பார்த்து வளர்ந்தவர்கள், இரண்டு மாதம் சூரியன் உதிக்காத ஊரில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மீன் வெட்டினார்கள். ஒருவர் வேலையில் சேர்ந்ததும் அண்ணன், தம்பி, மச்சான் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

அந்தச் சின்ன ஊர்களிலேயே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், நார்வே மொழி பேசினார்கள். பின்னர் பல குடும்பங்கள் ஆஸ்லோவுக்கு இடம் மாறின. கம்ஷாஜினி குணரத்தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதில் பெற்றோருடன் நார்வே போனவர். குடும்பம் முதலில் இருந்தது ஹம்மர்பெஸ்டில். 2015இல் அவர் ஆஸ்லோவின் துணை மேயர் ஆனார். 2021இல் நார்வே நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அங்கேயும் குளிர், இருட்டு. கையில் காசும் கிடையாது. ஆனால் அவர்களுக்கு வேலை இருந்தது, தங்க இடம் இருந்தது, கூட உறவு இருந்தது. முக்கியமாக, அந்த நாடு அவர்கள் வாழ்ந்த வருடங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. பெருநிலத்துக்குள் போகக் காகிதங்கள் வேண்டும், காத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காகிதம்தான் பின்னால் உரிமையாக மாறியது.

தம்பிக்கு

இனி அந்த இளைஞருக்கு நேராகவே சொல்கிறேன்.

முதலில், வேலை கையில் இல்லாமல் கிளம்ப வேண்டாம். பதினெட்டாயிரம் வெள்ளியை நார்வே குரோனருக்கு மாற்றினால் நாற்பதாயிரம் சொச்சம் வரும். வருமானமே இல்லாமல் அதை வைத்து அங்கே ஒரு குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. ஹோட்டல், உணவகம், துப்புரவு, சுற்றுலா வேலைகள் இங்கிருந்தே விண்ணப்பிக்கக் கூடியவை. தங்குமிடமும் சேர்த்துத் தருகிறார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக வையுங்கள். அதைத் தொடவே கூடாது. மருத்துவக் காப்புறுதி இல்லாமல் விமானம் ஏற வேண்டாம். இங்கே உள்ள சொக்சோவும் அரசு மருத்துவமனையும் அங்கே வராது.

மூன்றாவது, எதற்காகப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஓரிரண்டு வருடம் உலகம் பார்த்து, கொஞ்சம் சேர்த்துக்கொண்டு திரும்புவதென்றால் சுவால்பார்ட் நல்ல அனுபவமாகவே இருக்கும். ஒரு நாட்டில் வேர்விட வேண்டுமென்றால் வேறு வழி. கைத்தொழில் சான்றிதழோ பட்டமோ இருந்து, முழுநேர வேலை கிடைத்தால், நார்வே பெருநிலத்துக்குத் திறன் பணியாளர் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, மற்ற நிபந்தனைகளும் நிறைவேறினால் நிரந்தர வசிப்பிடம் கேட்கலாம். ஃபின்மார்க்கில் ஆள் தங்க வேண்டும் என்பதற்காக 1990 முதல் வரிச் சலுகையும் கல்விக் கடன் தள்ளுபடியும் தருகிறார்கள். இது மெதுவான வழிதான். இன்றைக்கே நார்வே மொழி படிக்கத் தொடங்கினால் அந்தத் தாமதமும் வீணாகாது.

கடைசியாக, அம்மாவிடம் சொல்லுங்கள். சம்மதம் வாங்குவதற்காக மட்டும் சொல்லவில்லை. அங்கே வேலை போய்விட்டால், உடம்பு சரியில்லாமல் போனால், எந்த அலுவலகமும் உங்களைத் தேடி வராது. நீங்கள் தொலைபேசியில் கூப்பிடப்போவது வீட்டைத்தான். அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதே அம்மாவுக்குப் புதுச் செய்தியாக இருக்கக் கூடாது.

சொன்ன பிறகு மறுபடியும் நிகழ்ச்சிக்கு அழையுங்கள். இந்த முறை அடுத்த பாட்டுக்கு அவசரப்பட மாட்டேன்.