நடந்தால் ரத்தம் கெடுமா?

"ஏண்டி அம்மா, வேகமாக நடந்தால் ரத்தத்தில் விஷம் ஏறுகிறதாமே?" என்று கேட்டாள் எதிர் வீட்டு மாமி. ஆறு மாதமாக மொட்டை மாடியில் விடாமல் நடந்து வந்தவள். யாரோ சொன்னதைக் கேட்டு நடையை நிறுத்திவிட்டு, வைட்டமின் மாத்திரை புட்டி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

மாமி கேள்விப்பட்டது முழுப் பொய்யல்ல. அதுதான் சங்கடம்!

நாள்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கிறதே, ஏன்? பிராணவாயு அதிலுள்ள கொழுப்பைத் தாக்குவதால்தான். மூச்சு வாங்க ஓடும்போது, நம் உடம்பிலும் துடுக்குத்தனம் மிகுந்த சில அணுக்கூட்டங்கள் கிளம்பிக் கொழுப்பைத் தாக்குகின்றன. அதில் விளையும் மாலோன்டையால்டிஹைடு என்ற பொருள் ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தோடு ஓர் அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் ரோஜா நிறம் காட்டும். தின்பண்டம் சிக்குப் பிடித்ததா என்று பார்க்கவும் இதே சோதனைதான். (வேறு சில பொருள்களும் ரோஜா நிறம் காட்டிவிடும், ஆகவே இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.)

சாதாரண நடைக்கு இப்பொருள் அநேகமாக ஏறுவதேயில்லை. கடுமையாக ஓடினால் ஏறும். ஆரோக்கியமானவர்களுக்குப் பிறகு தானே இறங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், அந்த ஏற்றமே உடம்புக்கு ஒரு தந்தி மாதிரி. தந்தி கிடைத்ததும் உடம்பு தன் காவல்காரர்களைப் பெருக்கிக்கொள்கிறது. 1969ல் அமெரிக்காவில் மக்கார்ட், பிரிடோவிச் என்ற இருவர் கண்டறிந்து சொன்ன நொதி ஒன்று அந்தக் காவல்காரர்களில் முக்கியமானது. பழகப் பழக, அதே ஓட்டத்துக்கு ரத்தத்தில் ஏற்றம் குறைகிறது.

அப்படியானால் மாத்திரை? ஜெர்மனியில் நடத்தி 2009ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், சுமார் 40 இளைஞர்களுக்கு 4 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, கூடவே வைட்டமின் ஈ. மாத்திரை சாப்பிடாதவர்களின் உடம்பில் இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை! தந்தியை வழியிலேயே மடக்கிவிட்டது மாத்திரை. 2014ல் வெளியான நார்வே ஆராய்ச்சியில் ஆண் பெண் இருபாலாரையும் சோதித்தபோது, இரு தரப்பாருக்கும் மூச்சுத் திறன் ஒரே அளவில்தான் உயர்ந்தது. ஆனால் மாத்திரைக்காரர்களின் தசைகளில் முன்னேற்றம் மட்டுப்பட்டது. டாக்டர் குறை கண்டு எழுதிக் கொடுத்த மாத்திரை என்றால் அது வேறு விஷயம்.

இதையெல்லாம் கேட்ட மாமி, புட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனாள். கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டாராம்.

"போகிறது போ! போக வர நடந்ததாவது மிச்சம்" என்று சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறினாள்.