திறந்த நிரல் – 12: ‘மைனஸ் ஆர்எஃப்’ தட்டும் விரல்கள்

ஒரு ஃபோல்டரை மொத்தமாக அழிக்க, யூனிக்ஸில் ஊறியவர்களின் விரல்கள் ‘ஆர்எம் -ஆர்எஃப்’ என்று தாமாகவே தட்டும். உள்ளே இருப்பதையும் சேர்த்து எடு என்பதற்கு ‘ஆர்’, கேள்வி கேட்காமல் எடு என்பதற்கு ‘எஃப்’. ஆனால் நிரலின் பதிப்புகளைப் பேணும் ‘கிட்’ கருவியில், 2007 வரை ‘கிட் ஆர்எம்’ கட்டளையிடம் இந்தப் பழக்கம் செல்லவில்லை. ‘-ஆர் -எஃப்’ என்று பிரித்துக் கொடுத்தால் கேட்கும். சேர்த்துக் கொடுத்தால், பயன்படுத்தும் முறையை அச்சிட்டுவிட்டு நின்றுவிடும்.

காரணம் நிரலுக்குள் இருந்தது. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை அவசர அவசரமாகத்தான் தொடங்கினார். லினக்ஸ் கெர்னலுக்கு அதுவரை கைகொடுத்த பிட்கீப்பர் என்ற பதிப்புக் கருவி இல்லாமல் போயிருந்தது. சிறு சிறு கட்டளைகள் முளைத்தன. ஒவ்வொன்றும் தனக்கு வரும் ஆப்ஷன்களைத் தானே படித்தது: ஒரு லூப், அதற்குள் ‘வந்தது -என் தானா, -எஃப் தானா, -ஆர் தானா’ என்று வரிசையாக ஒப்பிடும் நிபந்தனைகள். ‘-ஆர்எஃப்’ அவற்றில் எதனோடும் பொருந்தாது. ஏறக்குறைய இதே லூப், சின்னச் சின்ன வேறுபாடுகளோடு, கோப்புக்குக் கோப்பு இருந்தது.

2007-இன் பிற்பகுதியில் ‘பார்ஸ்-ஆப்ஷன்ஸ்’ என்ற பொது நிரல் வந்தது. இனி எந்தக் கட்டளையும் லூப் எழுத வேண்டாம். ஓர் அட்டவணை கொடுத்தால் போதும். குறுகிய எழுத்து, நீண்ட பெயர், மதிப்பைச் சேமிக்கும் இடம், ஒரு வரி விளக்கம் ஆகியவை ஒவ்வொரு வரிசையிலும் இருக்கும். அதே அட்டவணையிலிருந்து உதவிக் குறிப்பும் அச்சாகும் என்பதால், புது ஆப்ஷன் சேர்ப்பவர் அதன் விளக்கத்தை வேறெங்கோ போய் எழுத வேண்டியதில்லை. எழுத்துகளைச் சேர்த்துத் தட்டுவது, நீண்ட பெயரைச் சுருக்குவது, முன்னால் ‘நோ’ போட்டு ஆப்ஷனை ரத்து செய்வது எல்லாம் தனி உழைப்பில்லாமல் கிடைத்தன.

மாற்றிய விதம்தான் இதில் பாராட்ட வேண்டியது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிரித்துப் போடாமல், ஆட், ஆர்எம், எம்வி என்று கட்டளைக்கு ஒரு பேட்ச்சாகப் போனார்கள். கோளாறு வந்தால் எந்தப் பேட்ச்சில் வந்தது என்று உடனே பிடித்துவிடலாம். மாறாதவை பழைய லூப்போடு ஓடிக்கொண்டே இருந்தன. ‘டிஃப்’ அப்படி வெகுகாலம் ஓடியது. லாக், ஷோ எனப் பல கட்டளைகள் அதன் ஆப்ஷன்களைப் பகிர்ந்துகொள்வதால் யாரும் எளிதில் கைவைக்கவில்லை. 2019-இல் வெளியான 2.22 பதிப்பில்தான் அதுவும் அட்டவணைக்கு வந்தது.

அட்டவணையிலும் தவறுகள் இருந்தன. ‘ஆம், இல்லை’ என்று மட்டும் சொல்ல வேண்டிய ‘பூலியன்’ வகை, உண்மையில் எண்ணிக்கொண்டிருந்தது. ஒரே ஆப்ஷனை இருமுறை கொடுத்தால் மதிப்பு 2 ஆகிவிடும். ஒன்றை மட்டும் எதிர்பார்க்கும் நிரலுக்கு அது ஆபத்து. 2011-இல் அந்த வகையை ஓரங்கட்டி, எண்ணுவதற்கு ஒன்று, ஆம்-இல்லைக்கு ஒன்று என்று பிரித்தார்கள்.

சுருக்கிய பெயர்களும் சிக்கல் தந்தன. ‘குளோன்’ கட்டளையில் ‘--ரிகர்சிவ்’, ‘--ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ்’ இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. ஆனால் ‘--ரிகர்ஸ்’ என்று சுருக்கித் தட்டினால், எது வேண்டும் என்று தெரியவில்லை என கிட் மறுத்தது. இது அதற்கு இன்னொரு பெயர் என்று அட்டவணையிலேயே குறிக்கும் புதிய வகை ஒன்றை 2019-இல் சேர்த்த பிறகு, அந்தச் சுருக்கத்தையும் கிட் ஏற்றுக்கொண்டது.