வாங்கியவர் கையில் ஓடாத விளையாட்டு

2008 ஜூலை. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2' என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைச் சிலர் டிஸ்காக வாங்காமல், காசு கட்டி இணையத்திலிருந்து இறக்கியிருந்தார்கள். நிறுவனம் வெளியிட்ட புதிய பேட்ச் (திருத்தக் கோப்பு) ஒன்றைப் போட்டதும் விளையாட்டு நின்றுபோனது. டிரைவில் டிஸ்கைப் போடச் சொல்லிக் கேட்டது. அவர்களிடம் டிஸ்கே கிடையாது. புகார்கள் குவியவே, நிறுவனத்தின் உதவிப் பிரிவு ஒரு கோப்பைக் கொடுத்தது. அதைப் போட்டதும் விளையாட்டு ஓடியது. பிறகு அந்தக் கோப்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே 'ரீலோடட்' என்ற பெயர் கண்ணில் பட்டது. விளையாட்டுகளின் பூட்டை உடைத்து இலவசமாகப் பரப்பும் குழுவின் கையொப்பம் அது. தன் பூட்டை உடைத்தவர்களின் வேலையையே எடுத்து, காசு கொடுத்த வாடிக்கையாளருக்கு மருந்தாகக் கொடுத்திருந்தது நிறுவனம்.

நகல் தடுப்பின் அடிப்படைச் சிக்கல் முழுவதும் இந்த ஒரு சம்பவத்தில் அடங்கியிருக்கிறது. ஒருமுறை உடைக்கப்பட்டுவிட்டால், திருட்டு நகல் வைத்திருப்பவருக்குப் பூட்டு என்று ஒன்று இல்லை. அதற்குப் பிறகும் அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டுபவர் விலை கொடுத்து வாங்கியவர் மட்டும்தான்.

இது நேற்று தொடங்கியதல்ல. 1985இல் பிரிட்டனில் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு 'எலீட்' என்ற விண்வெளி விளையாட்டு வந்தபோது, கேசட்டோடு 'லென்ஸ்லாக்' என்ற சின்ன பிளாஸ்டிக் வில்லையும் பெட்டியில் இருந்தது. திரையில் சிதறித் தெரியும் எழுத்துகளை அந்த வில்லை வழியே பார்த்துப் படித்துத் தட்டினால்தான் ஆட்டம் தொடங்கும். டிவி மிகப் பெரிதாகவோ மிகச் சிறிதாகவோ இருந்தால் எழுத்துகள் ஒன்று சேராது. போதாக்குறைக்கு, சில பெட்டிகளில் வேறு விளையாட்டுக்கான வில்லை மாறிப் போயிருந்தது. அவற்றை வாங்கியவர்களால் ஆட்டத்தைத் தொடங்கவே முடியவில்லை.

அதே ஆண்டு அமெரிக்கச் சந்தைக்கு வந்த நின்டெண்டோ விளையாட்டுப் பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சிப் இருந்தது. அதன் ஜோடி ஒவ்வொரு காட்ரிட்ஜிலும் இருக்கும். இரண்டும் இடைவிடாமல் ஒத்துப்போக வேண்டும். பிசகினால் பெட்டி திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகி, திரை சிமிட்டிக்கொண்டே இருக்கும். நிறுவனத்தின் அனுமதி பெறாத காட்ரிட்ஜ்களைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் சில ஆண்டுகளில் பெட்டியின் இணைப்பு முனைகள் தளர்ந்தபோது அசல் காட்ரிட்ஜ்களும் அதே போலச் சிமிட்டின. ஜப்பானில் 1983இல் வந்த மூலப் பெட்டியான ஃபேமிகாமில் இந்தச் சிப் கிடையாது. 1990களில் தமிழ்நாட்டு வீடுகளில் 'டிவி கேம்' என்று ஓடியவற்றில் பெரும்பாலானவை அந்த ஃபேமிகாமின் நகல்கள்தான். மரியோவும் கான்ட்ராவும் எந்தப் பூட்டும் இல்லாமல் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது அந்த வழியில்தான்.

டிஸ்க் காலத்தில் பூட்டு கணினிக்குள்ளேயே குடியேறியது. 'சேஃப்டிஸ்க்' என்ற தொழில்நுட்பம், டிஸ்கில் வேண்டுமென்றே சில பழுதான பகுதிகளைப் பதித்து வைத்தது. சாதாரண டிஸ்க் ரைட்டரால் அவற்றை அப்படியே நகலெடுப்பது கடினம். விளையாட்டு தொடங்கும்போது அந்தப் பழுதுகள் இருக்கின்றனவா என்று சோதிக்க, விண்டோஸின் ஆழத்தில், மற்ற மென்பொருள்கள் நுழையக்கூடாத அடுக்கில் ஒரு டிரைவர் இயங்கியது. 2007இல் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. கணினியின் முழு அதிகாரத்தையும் அதன் வழியாகக் கைப்பற்ற முடிந்தது. விண்டோஸ் எக்ஸ்பியோடு அந்த டிரைவரும் சேர்ந்தே வந்ததால், ஒரு விளையாட்டுகூட இல்லாத அலுவலகக் கணினிக்கும் அதே ஆபத்து இருந்தது.

2015இல் வந்த விண்டோஸ் 10, இந்த டிரைவரை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு பழைய விண்டோஸ்களிலும் மைக்ரோசாஃப்ட் அதை முடக்கியது. பாதுகாப்பு நோக்கில் அது சரியான முடிவுதான். ஆனால் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3', 'தி சிம்ஸ்' போன்றவற்றின் அசல் டிஸ்கைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் புதிய கணினியில் அதைப் போட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. அவர்களுக்கு இரண்டே வழி: அதே விளையாட்டு இணையக் கடையில் கிடைத்தால் இரண்டாம் முறை வாங்குவது, அல்லது பூட்டை உடைக்கும் கோப்பான கிராக்கைத் தேடிப் போவது.

இன்றைய பெரிய பூட்டு 'டெனுவோ'. ஆஸ்திரியாவில் பிறந்த இந்தத் தொழில்நுட்பம் 2014இல் 'ஃபிஃபா 15' வழியாக அறிமுகமானது. விளையாட்டு நிரலின் சில பகுதிகளை எடுத்து, ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் மட்டுமே ஓடும் சிக்கலான வடிவத்துக்கு அது மாற்றிவிடும். முதல் முறை இயக்கும்போது நிறுவனத்தின் சர்வரிடம் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதி குறிப்பிட்ட கணினியின் வன்பொருளோடு பிணைக்கப்பட்டிருக்கும். உடைப்பவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய தலைவலி. ஒரு பகுதியைத் திறந்தால் போதாது. ஆங்காங்கே புதைந்திருக்கும் அத்தனையையும் தேடிப்பிடிக்க வேண்டும்.

சிக்கலான வடிவம் என்றால் பிராசஸருக்குக் கூடுதல் வேலை. கவனமாகப் பொருத்தினால் ஆடுபவருக்குத் தெரியாமலே போகலாம். கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதை 2021 மே மாதம் வந்த கேப்காமின் 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' காட்டியது. எதிரியைச் சுட்டு வீழ்த்தும் அந்த நொடியில் திரை திக்கியது. விலை உயர்ந்த கணினிகளிலும் இதே கதை. ஜூலையில் பூட்டு உடைக்கப்பட்ட நகல் ஒன்று இணையத்தில் வந்தது. திக்கலுக்கு டெனுவோவும் அதோடு கேப்காம் தானே சேர்த்திருந்த இன்னொரு பூட்டும்தான் காரணம் என்றார் உடைத்தவர். டிஜிட்டல் ஃபவுண்ட்ரி என்ற தொழில்நுட்ப ஆய்வுக் குழு அசலையும் உடைத்த நகலையும் ஒப்பிட்டுச் சோதித்தபோது, திருட்டு நகலில் அந்தத் திக்கல் இல்லை. சில நாட்களில் கேப்காம் திருத்தம் வெளியிட்டது. நகல் தடுப்பைச் சீராக்கியிருப்பதாக அதிலேயே குறிப்பிட்டது. முழு விலை கொடுத்து முதல் நாளே வாங்கியவர்கள் இரண்டு மாதங்களுக்கு மேலாக மட்டமான ஆட்டத்தை ஆடியிருந்தார்கள்.

2021 நவம்பரில் இன்னொன்று நடந்தது. டெனுவோ பயன்படுத்திய இணைய முகவரி ஒன்று காலாவதியாகிவிட, பல விளையாட்டுகள் சில மணி நேரம் திறக்கவே இல்லை.

அப்படியானால் பூட்டே வேண்டாமா? விளையாட்டை உருவாக்குபவர்கள் படும் பாட்டை ஒதுக்கிவிட முடியாது. 2013இல் கிரீன்ஹார்ட் என்ற சிறு நிறுவனம், தன் 'கேம் டெவ் டைகூன்' விளையாட்டின் உடைத்த நகலைத் தானே இணையத்தில் விட்டுப் பார்த்தது. முதல் நாளில் காசு கொடுத்த நகலை ஆடியவர்கள் 214 பேர். இலவச நகலை ஆடியவர்கள் 3,100க்கும் மேல். இலவச நகலை ஆடியவர் அனைவரும் காசு கொடுத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மாதக்கணக்கில் உழைத்த ஒரு சிறு குழுவுக்கு அந்த எண் எவ்வளவு வலித்திருக்கும்!

இழப்பு எவ்வளவு என்பதற்கு ஓரளவு தெளிவான விடை 2024இல் வந்தது. 'என்டர்டெயின்மென்ட் கம்ப்யூட்டிங்' ஆய்விதழில் வில்லியம் வோல்க்மன் வெளியிட்ட ஆய்வு, டெனுவோ பூட்டிய 86 விளையாட்டுகளை எடுத்துக்கொண்டது. வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் மொத்த வருமானத்தில் சுமார் 20 சதவீதம் போகிறது. பன்னிரண்டு வாரம் தாக்குப்பிடித்துவிட்டால், அதற்குப் பிறகு உடைந்தாலும் இழப்பு ஏறக்குறைய இல்லை.

இந்தக் கணக்கு இரு தரப்புக்கும் உதவக்கூடியது. பூட்டுக்குப் பயன் உண்டு; அந்தப் பயன் மூன்று மாதங்களில் தீர்ந்துவிடுகிறது. பிறகும் அதை வைத்திருப்பதால் நிறுவனத்துக்கு வரவு இல்லை, ஆடுபவருக்குத் தொல்லை மட்டும் மிச்சம். 'வில்லேஜ்' விளையாட்டிலிருந்து கேப்காம் டெனுவோவை நீக்கியது 2023 ஏப்ரலில். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து. அதையும் செய்யாத நிறுவனங்கள் பல. இன்னொரு பக்கம், போலந்து நாட்டு சிடி புராஜெக்ட் 2015இல் 'தி விட்ச்சர் 3' விளையாட்டைத் தன் கடையான ஜிஓஜியில் பூட்டே இல்லாமல் விற்றது. 2023க்குள் எல்லாத் தளங்களிலும் சேர்த்து அந்த விளையாட்டு 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தது.

எப்போதும் இணையத்தோடு இணைந்திருக்க வேண்டிய விளையாட்டுகளின் நிலைமை இன்னும் மோசம். யூபிசாஃப்டின் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டு 2014இல் வந்தது. தனியாக ஆடினாலும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வர் நிறுத்தப்பட்டது. வாங்கியவர் அனைவருக்கும் அதோடு விளையாட்டு முடிந்தது. அந்தக் கோபத்தில் பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், சேவையை நிறுத்தும்போது விளையாட்டை ஆடக்கூடிய நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்திடம் மனு கொடுக்கக் கையெழுத்து திரட்டியது. 2025 ஜூலையில் கையெழுத்துகள் பத்து லட்சத்தைத் தாண்டின. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், விற்பது உரிமம்தான், பொருள் அல்ல என்பதை இணையக் கடைகள் வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

இயக்கத்தின் கோரிக்கை நடக்காத காரியமல்ல. 2013இல், எப்போதும் இணையம் தேவைப்பட்ட 'சிம்சிட்டி' விளையாட்டு வெளியானபோது சர்வர்கள் திணறி, வாங்கியவர்கள் நாள் கணக்கில் உள்ளே போக முடியாமல் தவித்தார்கள். இணையம் இல்லாமல் ஓடவைப்பது மிகப் பெரிய பொறியியல் வேலை என்றது தயாரிப்புத் தரப்பு. ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், இணையம் இல்லாமல் ஆடும் வசதியை அவர்களே வெளியிட்டார்கள். 2024 செப்டம்பரில் யூபிசாஃப்டும் 'தி க்ரூ 2'க்கு அந்த வசதியைத் தருவதாக அறிவித்தது. முதல் 'க்ரூ'வுக்கு அந்த அறிவிப்பில் இடமில்லை.